முற்றத்திற்கு வந்த கோழி

என் பாட்டியாரின் வீட்டுக் கொல்லையில் எந்நாளும் 15 கோழிகளுக்குக் குறையாமல் மேய்ந்துகொண்டிருக்கும். ஒன்றைப் போல் மற்றொன்று இராது. கருநிறப் பெட்டை, செந்நிறச் சேவல், உடலெல்லாம் புள்ளி விழுந்தவை, கழுத்தில் இறகே இல்லாதவை எனப் பலவகையும் ஒரே பஞ்சாரத்தில் அடங்கும். அவற்றிடையே என் மாமா பண்ணையொன்றிலிருந்து வாங்கி வந்த வெள்ளை லெகார்ன் பெட்டையும் ஒன்று இருந்தது. மற்றவை பத்துப் பன்னிரண்டு முட்டையிட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். வெள்ளைப் பெட்டையோ முட்டையிட்டுக்கொண்டே இருக்கும், ஒருமுறையேனும் அடைகாத்ததில்லை. அதன் முட்டைகளையும் கருநிறப் பெட்டையின் கீழேதான் பாட்டியார் வைப்பார். 21 நாள் சென்றபின் மஞ்சள் வெண்மையான குஞ்சுகள் கறுப்புத் தாயின் பின்னே ஓடும். “இது மட்டும் ஏன் அடைகாப்பதில்லை?” என்று கேட்டேன். “அது மறந்து போயிற்று” என்றார் பாட்டியார்.

எவ்வாறு மறந்தது என்னும் வினாவே பிற்காலத்தில் என்னைக் கோழியின் வரலாற்றைத் தேடச் செய்தது.

மாணவ நண்பர்களே, மனிதன் காட்டுக்குச் சென்று கோழியைப் பிடித்து வந்து பழக்கினான் என்றுதான் நாமெல்லாம் எண்ணியிருக்கிறோம். அறிஞர்கள் 2022-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி வேறுவிதமாகச் சொல்கிறது. 89 நாடுகளில் அகழ்ந்தெடுத்த எலும்புகளை அவர்கள் மீண்டும் ஆராய்ந்தனர். ஐயமின்றி வீட்டுக்கோழியினுடையவை என்று கொள்ளத்தக்க மிகப் பழைய எலும்புகள் தாய்லாந்தில் உள்ள பான் நோன் வாட் என்னும் இடத்தில் கிடைத்தவை, கி.மு. 1650-க்கும் 1250-க்கும் இடைப்பட்டவை. அப்பகுதி மக்கள் நெல்லும் தினையும் விளைவித்த காலம் அது. சிந்திய தானியத்தைத் தேடிக் காட்டிலிருந்த செங்கோழி ஊரை நோக்கி வந்தது, வந்தது நின்றது. விருந்தாளி வீட்டாளான கதைதான் இது.

தானியத்தின் மீது கோழிக்குள்ள இந்த ஆசை நம் பழம்புலவர்க்கும் தெரியும். காவிரிப்பூம்பட்டினத்துப் பெண்கள், முற்றத்தில் உலர்த்திய தானியத்தைக் கவர வந்த கோழியின் மீது தம் காதணியைக் கழற்றி எறிந்தனர் என்று பட்டினப்பாலை கூறுகிறது. ஊரின் செல்வத்தைக் காட்டவே புலவர் அதனைப் பாடினார். எனக்கோ அதில் கோழியின் துணிவே பெரிதாகப் படுகிறது. சோழர் தலைநகராகிய உறையூருக்கே கோழி என்று ஒரு பெயர் இருந்தது.

தென்னாட்டுக்கு இதில் இன்னொரு பங்கும் உண்டு. வீட்டுக்கோழிகள் யாவும் செங்காட்டுக் கோழி ஒன்றன் வழியே தோன்றியவை என்று 1868-ஆம் ஆண்டில் டார்வின் எழுதினார். பெரும்பாலும் அது மெய்யே. எனினும், செங்காட்டுக் கோழியின் கால் சாம்பல் நிறம். வீட்டுக்கோழிகளுள் பலவற்றின் காலோ மஞ்சள். அந்த மஞ்சளை அளிக்கும் மரபணு, மேற்குத்தொடர்ச்சி மலைக்காடுகளிலும் தென்னிந்தியாவின் பிற காடுகளிலும் வாழும் சாம்பல் நிறக் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008-ஆம் ஆண்டில் கண்டறிந்தனர். உலகெங்கும் மஞ்சள் காலோடு திரியும் கோழிகளிடம் நம் காட்டின் சுவடு இருக்கிறது.

இனி, வெள்ளைப் பெட்டைக்கு வருவோம். லெகார்ன் என்பது இத்தாலியிலுள்ள லிவோர்னோ துறைமுகத்தின் பெயரைத் தாங்கிய இனம். அடைகாக்கும் கோழி அந்நாட்களிலும், குஞ்சுகளை வளர்க்கும் வாரங்களிலும் முட்டையிடாது. நாட்டுக்கோழி ஆண்டுக்கு 40 முதல் 60 முட்டையோடு நின்றுவிடுவதற்கு இது பெருங்காரணம். முட்டையை விலைக்கு விற்க விரும்பியவர்கள், அடைக்கு உட்காராத பெட்டைகளையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்துப் பெருக்கினார்கள். குஞ்சு பொரிக்கப் பொறி இருந்தது. ஆண்டுக்கு 250-க்கு மேல் முட்டை கிடைத்தது, தாய் மறைந்தாள். நகரங்களுக்கு முட்டை மலிவாகக் கிடைத்தது இதனால்தான். அதனை நான் குறை கூறமாட்டேன். ஆனால் பொறி நின்றால் அந்த இனம் ஒரு தலைமுறையோடு நின்றுவிடும்.

இயற்கை முறையே போதும் என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். 1968-ஆம் ஆண்டுக் கோடையில் எங்கள் கொல்லையில் வெள்ளைக்கழிச்சல் புகுந்தது. முதல் நாள் செந்நிறச் சேவல் கழுத்தை முறுக்கிக்கொண்டு விழுந்தது. எட்டாம் நாள் பஞ்சாரம் வெறுமையாயிற்று. வெள்ளைப் பெட்டையும் போயிற்று. கரையானும் குருணையும் தின்று வளர்ந்த கருநிறப் பெட்டையும் போயிற்று. பாட்டியார் அன்று சமைக்கவில்லை. முட்டை விற்ற காசில்தான் என் பள்ளிக்கூடக் குறிப்பேடுகள் வந்தன என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அந்நோயும் மிகப் பழையதன்று. 1926-இல் சாவகத்திலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும், அடுத்த ஆண்டில் இமயமலைச் சாரலிலுள்ள ராணிக்கேத்திலும் அதனை இனங்கண்டனர். ராணிக்கேத் நோய் என்று கால்நடை மருத்துவர் சொல்வது இதனையே. அதே மலைப்பகுதியில் உள்ள முக்தேசுவரத்து ஆய்வுக்கூடத்தில் 1940-களில் அதற்குத் தடுப்பு மருந்து உருவாயிற்று. எங்கள் கோழிகள் மாண்டபோது, அம்மருந்து வந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது. எங்கள் ஊரில் அதைக் கேட்டு வாங்கியவர் எவரும் இல்லை.

ஆறு மாதம் பொறுத்துப் பாட்டியார் பக்கத்து ஊரிலிருந்து ஒரேயொரு அடைக்கோழியையும் 12 முட்டைகளையும் வாங்கி வந்தார். சட்டியில் மணலும் வைக்கோலும் பரப்பி, இடிக்கு அஞ்சி ஓர் இரும்புத் துண்டையும் கரியையும் உடன் வைத்தார். அந்த இரும்பைப் பற்றி நான் சிரித்தேன், அவர் பொருட்படுத்தவில்லை. 11 குஞ்சுகள் பொரித்தன. அவை எட்டு வார வளர்ச்சி அடைந்ததும், கூடையில் வைத்து மூன்று கல் தொலைவிலிருந்த கால்நடை மருத்துவமனைக்கு நானே தூக்கிச் சென்று ஊசி போட்டு வந்தேன். திரும்பும் வழியில் எண்ணிப் பார்த்தேன். அவற்றுள் ஏழுக்கு மஞ்சள் கால்.