பளபளக்கும் பழைய சைக்கிளுக்கு வயது என்ன?

ஃபிரேம் முழுக்க முலாம் பூசிய பழைய சைக்கிள் என்றாலே "1890-களின் சரக்கு" என்று விலையை ஏற்றிவிடுகிறார்கள். (காமர்ஸ் படிப்பதால் விலைதான் முதலில் கண்ணில் படுகிறது!)

முலாமின் நிறத்தைப் பாருங்கள். லேசான மஞ்சள் சாயல் என்றால் நிக்கல். நீலச் சாயலோடு கண்ணாடி மாதிரி மின்னினால் குரோமியம். அது வியாபாரத்துக்கு வந்ததே 1920-களில்தான். ஆனால் பழைய ஃபிரேமுக்குக் குரோமியத்தைப் பின்னால் யாரேனும் பூசியிருக்கலாமே?

உறுப்புகளும் துப்புத் தரும். இங்கிலாந்தில் ஸ்டார்லியின் ரோவர் வந்தது 1885-ல், டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை வாங்கியது 1888-ல், ஸ்டர்மி-ஆர்ச்சரின் மூன்று வேக ஹப் 1902-ல். சக்கரத்தைக் கழற்றி மாற்றிவிடலாம் என்பதுதான் சிக்கல்.

ஆகவே என் ஓட்டு ஃபிரேமில் குத்திய எண்ணுக்கே. புது முலாம் போடுமுன் தேய்க்கிற தேய்ப்பில் அதுவும் மழுங்கிவிடும். பட்டறைக்குக் கொடுக்குமுன் அந்த எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.