வாளும் விலக்கும்

தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியமர்ந்து வாழும் தமிழ் மக்களாகிய நமக்குச் சீக்கியர்களை எவரும் அறிமுகம் செய்துவைக்க வேண்டுவதில்லை. ரயிலடியிலிருந்து நம்மை வீடு சேர்க்கும் டாக்ஸிக்காரராகவும், மாடிப்படியில் நின்று நலம் விசாரிக்கும் அண்டை வீட்டுக்காரராகவும் அவர்கள் நம்முடன் பழகி வருகிறார்கள். அவர்களுள் சிலருடைய தோளிலிருந்து இடுப்பை நோக்கிச் சாய்ந்து வரும் துணிப்பட்டையில் உறையிட்ட சிறு வாள் ஒன்று தொங்குவதைக் கண்டிருக்கிறோம். அதுவே கிர்ப்பான். அத்தகைய வாளை நம்மில் ஒருவர் இடையில் செருகிக்கொண்டு கடைத்தெருவுக்குப் புறப்பட்டால், காவலர் கேள்வி கேளாமல் விடமாட்டார். "அவருக்கு ஒரு நியாயம், நமக்கு ஒரு நியாயமா?" என்று ஊரிலிருந்து புதிதாக வந்த உறவினர் நம்மைக் கேட்பதுண்டு. கேட்பதில் தவறில்லை. ஆனால் விடை காண வேண்டுமாயின் 1878ஆம் ஆண்டு வரை நாம் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

அவ்வாண்டில் லிட்டன் பிரபு இராஜப்பிரதிநிதியாக இருந்தார். 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின் அச்சம் வெள்ளையர் உள்ளத்தை விட்டு அப்போதும் அகலவில்லை. இந்தியர் எவரும் உரிமச் சீட்டின்றி ஆயுதம் வைத்திருத்தல் குற்றம் என்று அவரது ஆட்சி ஆயுதச் சட்டம் ஒன்றைச் செய்தது. அதே சட்டத்தின் விதிகள் ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் விலக்களித்தன. ஆகவே 'விதிவிலக்கு' என்பது இத்துறையில் நம் நாட்டவருக்கு முதன்முதலாக அறிமுகமானது தோலின் நிறத்தையொட்டிய ஓர் அவமதிப்பாகத்தான். 1887ஆம் ஆண்டு சென்னையில் கூடிய மூன்றாவது காங்கிரஸ் மகாசபையில் இச்சட்டத்தைப் பற்றிக் கடும் விவாதம் நிகழ்ந்தது. முப்பது வயதும் நிரம்பாத பிபின் சந்திர பாலர் அம்மேடையில் எழுந்து, இச்சட்டம் ஒழியவேண்டும் என்று வாதாடினார். துப்பாக்கி வேண்டும் என்ற ஆசையைக் காட்டிலும், ஆளுக்கொரு சட்டமா என்ற மனக்குறையே அந்தச் சபையில் மேலோங்கி நின்றது. அந்தக் குறை நெடுநாள் ஆறவில்லை. 1930இல் காந்தியடிகள் வைஸ்ராய்க்கு விடுத்த பதினொரு கோரிக்கைகளிலும், தற்காப்புக்கான துப்பாக்கி உரிமம் ஒன்றாக இடம் பெற்றது.

வெள்ளையரைத் தவிர விலக்குப் பெற்றவர்கள் வேறு சிலரும் உண்டு. குடகு நாட்டுக் கொடவர்கள் அவர்களுள் முக்கியமானவர்கள். 1834இல் குடகு ஆங்கிலேயர் வசமாயிற்று. 1857க்குப் பின் நாடெங்கும் ஆயுதங்கள் பறிக்கப்பட்டபோது, மைசூருக்கும் குடகுக்கும் ஆணையராக இருந்த மார்க் கப்பன், குடகர்களின் விசுவாசத்தைப் பாராட்டி, 1861இல் அவர்களுக்கு அந்தச் சட்டத்திலிருந்து விலக்களித்தார். படைப்பணிக்குக் கட்டுப்பட்டு 'ஜம்மா' என்ற மானிய முறையில் நிலம் பெற்றிருந்த குடிகளுக்கும் அது பொருந்தியது. இஃது அரசாங்கம் தந்த பரிசேயன்றி மனச்சாட்சிக்குத் தந்த மதிப்பு அன்று. எனினும் கொடவரின் வாழ்வில் ஆயுதம் வழிபாட்டுப் பொருளாகவே இருந்து வந்திருக்கிறது. கைல்பொள்து என்னும் திருநாளில் துப்பாக்கியையும் வாளையும் துடைத்து வைத்துப் பூசிக்கிறார்கள்; துப்பாக்கிக் குழலின் முனையில் ஒரு மலரைச் செருகுகிறார்கள். அம்மலர் வேறெதுவுமன்று, நம் செங்காந்தளே. சங்கப் புலவர்கள் குறிஞ்சி நிலத்தில் கண்ட பூ, குடகு மலையில் இரும்புக் குழலின் வாயில் பூத்து நிற்கக் கண்டால் நமக்கு வியப்பாகத்தான் இருக்கும்.

சீக்கியரின் கதை இதனின்றும் வேறுபட்டது. 1699இல் ஆனந்தபூரில் குரு கோவிந்தசிங்கர் கால்சாவை நிறுவியபோது, அதில் சேர்ந்தோர் ஐந்து அடையாளங்களைப் பூண வேண்டும் என்ற நெறி ஏற்பட்டது. வெட்டாத முடி, சீப்பு, இரும்பு வளை, அரைக்காற்சட்டை, வாள் என்பன அவை. வடமொழியில் 'கிருபாணம்' என்றால் வாள் என்றே பொருள். சீக்கியப் பெரியோர்களோ அச்சொல்லைக் கிருபை, மானம் என்ற இரு பொருள்கள் அமையும்படி பிரித்துச் சொல்வர். சொல்லாராய்ச்சியாளர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆயினும் ஒரு சமூகம் தன் சொல்லுக்குத் தானே காணும் பொருளுக்கும் ஒரு மதிப்புண்டு.

தீட்சை பெற்ற சீக்கியருக்குக் கிர்ப்பானைக் கழற்றி வைத்தல் சமயத்தைக் கழற்றி வைத்தலேயாகும். 1878ஆம் ஆண்டுச் சட்டம் இதைப் பொருட்படுத்தவில்லை. சீக்கியர்கள் பல்லாண்டு முறையிட்ட பின், 1914இல் பஞ்சாபில் மட்டும் விலக்குக் கிடைத்தது. 1917இல் அது பிரிட்டிஷ் இந்தியா முழுவதற்கும் விரிந்தது. ஐரோப்பாவில் பெரும்போர் நிகழ்ந்த காலம் அது. பஞ்சாபிலிருந்து படைக்கு ஆள் வேண்டியிருந்தது என்பதையும் நாம் மறத்தற்கில்லை.

விலக்குத் தந்தவர்கள் கிர்ப்பானின் நீளம் எவ்வளவு என்று சொல்லாமல் விட்டார்கள். குருத்துவாராச் சீர்திருத்தத்துக்காக அகாலிகள் கிளர்ந்தெழுந்தபோது அந்தச் சிறு குறை பெரும் பூசலாயிற்று. 1921, 1922 ஆகிய ஆண்டுகளில், நீளமான கிர்ப்பான் வாளாகும், கிர்ப்பான் ஆகாது என்று சொல்லி அதிகாரிகள் பலரைக் கைது செய்தார்கள். அதைச் செய்து விற்றவர்கள்மீதும் வழக்குகள் பாய்ந்தன. அணிந்த சிப்பாய்களும் தண்டனைக்கு உள்ளானார்கள். கைதுகள் பெருகப் பெருக அணிவோரும் பெருகினர். முடிவில் 1922இல் அரசாங்கம் இறங்கி வந்தது. எந்த நீளத்துக் கிர்ப்பானும் அணியலாம், சமயச் சடங்குக்கன்றி உறையிலிருந்து உருவலாகாது என்று உடன்பாடு ஏற்பட்டது. ஒரு வாள் எவ்வளவு நீளமானால் வழிபாட்டிலிருந்து போருக்குப் போய்விடுகிறது என்பதைத் தீர்மானிக்க ஒரு சாம்ராஜ்யம் முயன்று கைவிட்ட கதை இது.

விடுதலைக்குப் பின் இக்கேள்வி அரசியல் நிர்ணய சபையின் முன் வந்தது. விலக்கை ஓர் அதிகாரியின் அறிவிப்புக்கு விட்டுவிடாமல் அரசியலமைப்பிலேயே சபை எழுதிவைத்தது. கிர்ப்பான் அணிதலும் தாங்குதலும் சீக்கிய சமயத்தைக் கைக்கொள்ளுதலில் அடங்கும் என்று 25ஆம் விதியின் முதல் விளக்கம் கூறுகிறது. இதற்கு நேர் எதிரான நோக்குடையாரும் சபையில் இருந்தார்கள். எவருடைய சமயத்தையும் உடையாலோ அடையாளத்தாலோ பெயராலோ அறிய முடியாதபடி செய்ய வேண்டும் என்று 1948 டிசம்பரில் தஜமுல் ஹுசைன் திருத்தம் கொண்டுவந்தார். எல்லோரும் ஒரே மாதிரி தோன்றினால்தான் எல்லோரும் சமம் என்பது அந்த எண்ணத்தின் உட்கிடை. சபை அதை ஏற்கவில்லை. நாமும் ஏற்கவில்லை. வேட்டியையும் திருநீற்றையும் நாமத்தையும் துறந்துதான் நாம் தில்லியில் குடிமக்களாக வேண்டும் என்றால், அது சமத்துவமாக நமக்குத் தோன்றியிராது.

ஆனால் 25ஆம் விதி பொது ஒழுங்குக்கும் ஒழுக்கத்துக்கும் உடல் நலத்துக்கும் உட்பட்டது என்ற சொற்களுடன்தான் தொடங்குகிறது. ஆகவே எல்லை எது என்ற வினா ஓயவில்லை. 1981 செப்டம்பர் 29ஆம் நாள் தில்லியிலிருந்து ஸ்ரீநகருக்குச் சென்ற விமானம் ஒன்றைக் கிர்ப்பானைக் காட்டி லாகூருக்குக் கடத்திச் சென்றார்கள். விலக்கை ஆதரிப்போர் இந்நிகழ்ச்சியை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. ஐந்து பேர் செய்த குற்றத்துக்கு ஒரு சமயத்தார் அனைவரின் அடையாளத்தையும் பறிப்பதும் நியாயமாகாது. உள்நாட்டு விமானங்களில் இன்றுள்ள விதி, அலகு ஆறு அங்குலத்துக்கும் மொத்த நீளம் ஒன்பது அங்குலத்துக்கும் மேற்படலாகாது என்பது. 1922இல் விடுபட்ட அளவுகோல் நூறாண்டுக்குப் பின், 2022ஆம் ஆண்டு ஆணையில் மீண்டும் கைக்கு வந்திருக்கிறது. இம்முறை அதை எதிர்த்துச் சிறை சென்றவர் எவருமில்லை; பிறருக்கு நேரக்கூடிய ஆபத்து இவ்விடத்தில் மெய்யானது என்பதே காரணம் என்று கருதுகிறோம்.

தலைக்கவச விவகாரம் இவ்வளவு கடினமானதன்று. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் தலைப்பாகை அணிந்த சீக்கியருக்கு விலக்களிக்கிறது. பிரிட்டனிலும் 1976இலேயே இத்தகைய சட்டம் வந்துவிட்டது. விழுந்தால் உடைவது அவரவர் தலையே. தில்லியில் மட்டும் ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. சீக்கியப் பெண்களை எவ்வாறு அடையாளம் காண்பது என்று அறியாத ஆட்சி, 1999இல் பெண்கள் அனைவருக்குமே தலைக்கவசத்தை விருப்பத்துக்கு விட்டது. ஒருவருடைய நம்பிக்கைக்காக வகுத்த விலக்கு, அந்த நம்பிக்கை இல்லாதாரின் பாதுகாப்பையும் தளர்த்திவிட்டது. 2014இல்தான் அது சீக்கியப் பெண்கள் அளவில் சுருங்கியது.

நம் மனத்தை உறுத்துவது குடகின் விலக்கே. வெள்ளையரின் நிறச் சலுகை 1920ஆம் ஆண்டு விதிகளோடு போயிற்று. 1878ஆம் ஆண்டுச் சட்டமும் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்துக்கு இடம் கொடுத்து மறைந்தது. கொடவரின் விலக்கு மட்டும் நீடித்து வருகிறது. கிர்ப்பான் அணிய விரும்பும் எவரும் அந்தச் சமயத்தைத் தழுவி, அதன் நோன்புகளையும் ஏற்று, அதை அணியலாம். கதவு திறந்திருக்கிறது. குடகிலோ பிறப்போ ஜம்மா நிலமோதான் வாயில். அங்குள்ள காப்பித் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்துவரும் தமிழ்த் தொழிலாளியின் குடிசைக்கு அருகிலும் அதே யானை வருகிறது, அதே காட்டுப்பன்றி வருகிறது. அவர் உரிமம் கேட்டு விண்ணப்பம் எழுதவேண்டும். தோட்டத்து முதலாளி எழுத வேண்டுவதில்லை. காந்தள் மலர் செருகிய துப்பாக்கியின்மேல் நமக்குள்ள மதிப்பு குறையாமலே இதைச் சொல்கிறோம்.

இந்த வேறுபாடு சமத்துவத்துக்கு முரணானது என்று கர்நாடக உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டது. 2021 செப்டம்பரில் மன்றம் விலக்கைச் செல்லும் என்றது. போர்மரபுடைய சமூகம் விடுதலைக்கு முன்பிருந்தே துய்த்துவந்த உரிமை இது; காலவரையறையும் நிபந்தனைகளும் உடையதாகையால் இது எல்லையற்ற சலுகையன்று என்பது தீர்ப்பின் கருத்து. மத்திய அரசின் அறிவிப்பின்படி அந்தக் காலவரை 2029 அக்டோபர் 31ஆம் நாளோடு முடிகிறது. அந்த ஆண்டின் கைல்பொள்துத் திருநாள் அதற்குச் சில வாரங்கள் முன்னதாகவே வந்துவிடும்.