பல்லாவரத்து ஈமப்பேழை

மாம்பலத்தில் மின்சார ரயில் ஏறினால் ஒரு பக்கம் எழும்பூர், மறுபக்கம் பல்லாவரம். இந்த இரண்டு ஊர்களையும் இணைக்கும் பழைய கதை ஒன்று உண்டு.

1880களில் அலெக்சாண்டர் ரீ என்ற தொல்லியல் அறிஞர் பல்லாவரத்தில் ஒரு சுடுமண் ஈமப்பேழையைக் கண்டெடுத்தார். பெருங்கற்கால மக்கள் இறந்தவர்களின் எலும்புகளை வைத்துப் புதைத்த, வரிசையாகக் கால்கள் கொண்ட தொட்டி அது. பேழை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனது. இடம் பல்லாவரத்திலேயே தங்கிவிட்டது.

அதே காலத்தில், 1887ல், ஜப்பானின் யோஷிமி என்ற ஊரில் ஒரு குன்றைத் தோண்டினார்கள். பாறையில் குடையப்பட்ட 219 குழிகள் இன்று அங்கே இருக்கின்றன. குள்ளர்கள் வாழ்ந்த வீடுகள் என்றுதான் முதலில் நினைத்தார் ஆய்வாளர் ட்சுபோய். அவை 6, 7ம் நூற்றாண்டுக் கல்லறைகள் என்று பிறகு தெரிந்தது. 1923ல் அது தேசிய வரலாற்றுச் சின்னமானது. இரண்டாம் உலகப்போரில் ஆயுதத் தொழிற்சாலைக்காகச் சுரங்கம் வெட்டியபோது சில கல்லறைகள் அழிந்தன. ஆனாலும் குன்று பூங்காவாகப் பிழைத்தது. மக்கள் உள்ளே நுழைந்து பார்க்கிறார்கள்.

பல்லாவரத்திலும் சட்டம் இருக்கிறது. 2010ம் ஆண்டுத் திருத்தத்தின்படி, மத்திய அரசு பாதுகாக்கும் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அடுத்த 200 மீட்டருக்கு அனுமதி தேவை. அங்கே சொந்த மனையிலேயே வீடு கட்ட முடியாமல் தவித்தவர்கள் பலர். அவர்களைப் பொறுத்தவரை தொல்லியல் என்றால் ஒரு தடை உத்தரவு, அவ்வளவுதான்.

தடையை மட்டும் காட்டினால் பகைதான் வளரும். எதற்காகத் தடை என்பதையும் காட்டினால், அந்த மக்களே காவலர்கள் ஆவார்கள்.