பைக்கைப் பார்க்க முன் புத்தகத்தைப் பாருங்கள்



உயர்தரப் பரீட்சை முடிந்த கையோடு எமது வீடுகளில் இரண்டு பேச்சுகள் தொடங்கிவிடும். ஒன்று கம்பஸ், மற்றது மோட்டார் சைக்கிள். புதிய பைக் ஒன்றின் விலை பெரும்பாலான வாப்பாமாருக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. ஆகவே, இன்னொருவர் ஓட்டிய பைக் ஒன்றைத் தேடித்தான் மகனோடு புறப்படுகிறார்கள். மகன் பெயின்ரையும் சைலன்சர் சத்தத்தையும் பார்க்கிறான். வாப்பா விலையைப் பார்க்கிறார். பைக்கின் புத்தகத்தை, அதாவது பதிவுச் சான்றிதழை, இருவரும் கடைசியில்தான் பார்க்கிறார்கள். சிலர் பார்ப்பதே இல்லை.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? எமது நாட்டில் மோட்டார் சைக்கிள் ஓடிய வரலாற்றைக் கொஞ்சம் புரட்டினால் விடை கிடைக்கும். பழைய பைக் ஒன்றில் எதைப் பார்க்க வேண்டும் என்ற பாடமும் அதற்குள்ளேயே இருக்கிறது.

இலக்கத்தகட்டில் இருந்து தொடங்குவோம். ஆங்கிலேயர் காலத்தில் இங்கே ஓடியவை பெரும்பாலும் பி.எஸ்.ஏ., ட்ரயம்ப், நோர்ட்டன் போன்ற பிரித்தானிய வண்டிகள். அவற்றின் தகட்டில் ஆங்கில எழுத்துகள் இருந்தன. 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம்தான் இன்றைக்கும் எமது வாகனப் பதிவுக்கு அடிப்படை. 1957 இல் தகட்டில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து வந்தது. அடுத்த வருடம் ஸ்ரீ போட்ட பஸ்கள் வடக்குக்குப் போனபோது அந்த எழுத்தின் மேல் தார் பூசினார்கள். தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளின் மேல் தார் பூசினார்கள். 1958 மே மாதக் கலவரத்துக்கு முன் எழுந்த பதற்றங்களில் இதுவும் ஒன்று. ஒரு தகட்டில் இருக்கும் ஓர் எழுத்து எவ்வளவு தூரம் போகும் என்பதை அன்றே இந்த நாடு பார்த்துவிட்டது.

ஸ்ரீக்குப் பிறகு வெறும் இலக்கங்கள் வந்தன. 2000 ஆம் ஆண்டளவில் மாகாணக் குறியீட்டோடு ஆங்கில எழுத்துகள் வந்தன. பின்னர் எழுத்துகள் மூன்றாகின, அதில் மோட்டார் சைக்கிளுக்கு முதல் எழுத்து 'பீ'. ஆகவே தகட்டைப் பார்த்தாலே வண்டி எந்தக் காலத்தில் பதிவானது என்று ஓரளவு சொல்லிவிடலாம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தகடு சொல்வது இலங்கையில் பதிவான காலத்தை மட்டுமே. வண்டி எந்த வருடம் செய்யப்பட்டது என்பது புத்தகத்தில்தான் இருக்கும்.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம் என்பதை 1977 க்குப் பின்னர் நடந்தவை காட்டும். அதற்கு முந்திய ஆண்டுகளில் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு இருந்தது. 1977 இல் திறந்த பொருளாதாரம் வந்ததும் ஜப்பானிய வண்டிகளுக்குக் கதவு திறந்தது. புதியவையும் வந்தன, ஜப்பானில் ஓடி முடித்த 'ரீகண்டிஷன்' வண்டிகளும் வந்தன. ஹொண்டா கம்பனி 1958 இல் அறிமுகப்படுத்திய சுப்பர் கப் குடும்பத்து வண்டிகள் எமது ஊர்களில் வேரூன்றிய கதை இதுதான். கையால் பிடிக்கும் கிளட்ச் இல்லை, காலால் கியர் மாற்றினால் போதும். சாரன் உடுத்தவரும் ஓட்டலாம், மீன் பெட்டியையும் புடவை மூட்டையையும் கட்டலாம். உலகம் முழுவதும் இந்தக் குடும்பத்தில் 10 கோடிக்கும் மேற்பட்ட வண்டிகள் உற்பத்தியாகிவிட்டதாக 2017 இல் கணக்குச் சொன்னார்கள். எங்கள் பக்கத்தில் இன்றும் ஓடும் எம்.டி. 90, ஜப்பானில் தபால்காரர்களுக்காகச் செய்யப்பட்ட வண்டி. அங்கே கடிதம் சுமந்து ஓய்ந்த பிறகு இங்கே வந்து இரண்டாவது வாழ்க்கை தொடங்கியது. அப்படியான வண்டிக்கு இங்கே பதிவான திகதி ஒன்று, பிறந்த வருடம் வேறொன்று. 'இந்த வருசத்து வண்டி' என்று விற்பவர் சொல்லும்போது, எந்த வருசம் என்று நாம் திருப்பிக் கேட்க வேண்டும்.

அடுத்தது யுத்த காலம். 1990 களில் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை இருந்தபோது அங்குள்ள மக்கள் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினார்கள். சில துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாறினார்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட எமது மக்கள் வீடு, கடை, வாகனம் அனைத்தையும் விட்டுவிட்டு வந்தார்கள். பலருடைய உறுதிகளும் பத்திரங்களும் அங்கேயே போய்விட்டன. கிழக்கிலும் இடம்பெயர்வு, சோதனைச் சாவடி, இரவில் பயம். அலுவலகம் போய்ப் பெயர் மாற்றுவது லேசான காரியமாக இருக்கவில்லை. தெரிந்தவர், நம்பிக்கையானவர் என்ற ஒரே உத்தரவாதத்தில் வண்டிகள் கைமாறின. வெற்றுப் படிவத்தில் கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, வாங்குபவரின் பெயரைப் போடாமல் விடும் 'ஓப்பன் பேப்பர்' பழக்கத்துக்கு அந்தக் காலம் நல்ல உரமாகியது.

2004 டிசம்பர் 26 இல் கடல் வந்தது. கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை எல்லாம் எத்தனை உயிர்களை இழந்தன என்பதை இங்கே சொல்லத் தேவையில்லை. உப்புத் தண்ணீரில் ஊறிய வண்டிகள் கழுவித் துடைத்து மீண்டும் ஓடின. சுனாமி வராவிட்டாலும் கரையோர ஊர்களில் உப்புக்காற்று தினமும் இரும்பைத் தின்றுகொண்டுதான் இருக்கிறது. ஆகவே எமது பகுதியில் பைக் பார்ப்பவர் சீற்றைக் கழற்றிப் பார்க்க வேண்டும். டேங்கின் அடிப்பக்கம், சேசி ஒட்டு விழுந்த மூலைகள், ஸ்டாண்ட் பொருத்திய இடம், சில்லின் கம்பிகள் ஆகியவற்றில் துருவைத் தேட வேண்டும். புதிதாகப் பெயின்ர் அடித்த சேசியைக் கண்டால் மகிழ முன் விரலால் தட்டிப் பாருங்கள். பெயின்ர் துருவை மறைக்கும், நிறுத்தாது.

2009 க்குப் பிறகு பாதைகள் திறந்தன, லீசிங் கம்பனிகளும் வந்தன. இந்திய வண்டிகள் வீட்டுக்கு ஒன்று என்ற நிலை உருவானது. லீசிங்கில் எடுத்த வண்டியின் புத்தகத்தில் ஓட்டுபவரின் பெயர் பதிவு உரிமையாளர் என்று இருக்கும். அதற்கு மேலே முழு உரிமையாளர் என்று நிதிக் கம்பனியின் பெயர் இருக்கும். கடன் முடியும் வரை மூலப் புத்தகம் கம்பனியிடம். தவணை கட்ட முடியாதவர் வண்டியை இன்னொருவருக்குக் கைமாற்றி, 'மிச்சத்தை நீங்க கட்டுங்க' என்பார். இரண்டாமவர் மூன்றாமவருக்குக் கொடுப்பார். கடைசியில் வாங்கிய பிள்ளை ஒழுங்காகத் தவணை கட்டினாலும் அவன் பெயரில் ஒன்றும் இருக்காது. நடுவில் ஒருவர் கட்டாமல் விட்டிருந்தால் வண்டி போய்விடும், கொடுத்த காசும் போய்விடும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. ஏறக்குறைய ஐந்து வருடங்கள், 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் அனுமதி கிடைக்கும் வரை, நாட்டுக்குள் இருந்த வண்டிகளே கைமாறிக் கைமாறி ஓடின. புதிதாக வாங்கிய விலையை விடக் கூடிய விலைக்குப் பழைய பைக்குகள் விலைபோயின. ஒரு வண்டியின் எஞ்சின் இன்னொரு வண்டிக்குப் போனது. கழிக்க வேண்டியவை ஒட்டவைக்கப்பட்டன. 2022 இல் பெற்றோலுக்கு கியூ.ஆர். முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் என்று தொடங்கினார்கள். அதைப் பதிவுசெய்ய வாகன இலக்கமும் சேசி இலக்கமும் கேட்டார்கள். வருடக்கணக்கில் ஓட்டிய வண்டியின் சேசி இலக்கம் எங்கே இருக்கிறது என்று பலர் முதன்முதலாகக் குனிந்து தேடியது அந்த நாட்களில்தான்.

அந்தக் குனிதல்தான் பைக் வாங்கப் போகும் பிள்ளைக்கு நாம் சொல்லும் முதல் வேலை. வண்டியில் கொத்தியிருக்கும் சேசி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் புத்தகத்தில் உள்ளவையும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். இலக்கம் உரசப்பட்டிருந்தால், மேலே பெயின்ர் பூசி மறைத்திருந்தால், சலாம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். புத்தகத்தில் கம்பனியின் பெயர் இருந்தால் அதை நீக்கிய பிறகே காசு. விற்பவரின் அடையாள அட்டையிலுள்ள பெயரும் புத்தகத்திலுள்ள பெயரும் ஒன்றா என்று பாருங்கள். புத்தகத்தில் இருப்பவர் மௌத்தாகிவிட்டார் என்றால் வாரிசுகளோடு முடிக்க வேண்டிய வேலை அது, தரகரோடு அல்ல. வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி, புகைப் பரிசோதனைச் சான்றிதழ் ஆகியவற்றின் திகதிகளையும் பாருங்கள். வாங்கிய பின் 14 நாட்களுக்குள் உரிமை மாற்றத்துக்கு விண்ணப்பிக்கச் சட்டம் சொல்கிறது. 'பிறகு மாத்தலாம்' என்பது அந்த 14 நாட்களைத் தின்றுவிடும் சொல்.

அதன் பிறகுதான் எஞ்சின். வண்டி பார்க்கப் போகும்போது முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். போனதும் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிரில் அது ஸ்டார்ட் ஆகாது என்பதை யாரோ மறைக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். நீலப் புகை வந்தால் எஞ்சின் ஒயில் எரிகிறது. கறுப்புப் புகை வந்தால் பெற்றோல் அதிகமாகப் போகிறது. முன் போர்க்கில் ஒயில் கசிகிறதா, செயின் ஓடும் பற்சக்கரத்தின் பற்கள் கூராகத் தேய்ந்திருக்கின்றனவா, ஹேண்டிலைத் திருப்பும்போது நடுவில் சிக்குகிறதா என்று பாருங்கள். ரயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருடம். பூ தேயாத ரயரும் வயது போனால் வெடிக்கும்.

புதிதாக ஓட்டப் பழகுபவருக்கு இரண்டு பாதங்களும் நிலத்தில் பதியும் வண்டியே நல்ல வண்டி. 100 சீ.சீ. வரை ஏ1 வகுப்பு, அதற்கு மேல் ஏ வகுப்பு அனுமதிப்பத்திரம். கையில் இருக்கும் அனுமதிப்பத்திரத்துக்குள் அடங்காத வண்டியை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்க வேண்டாம்.

இவ்வளவும் ஏன் என்று கேட்பீர்கள். 2019 ஏப்ரலுக்குப் பின் வந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். நிறுத்திய வாகனத்தில் தொலைபேசி இலக்கம் எழுதி வைக்கச் சொன்ன காலம் அது. இன்னொருவர் பெயரிலுள்ள வண்டியோடு சாவடியில் நிற்கும் எமது பிள்ளை எத்தனை கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்? அவன் ஒரு குற்றமும் செய்திருக்க மாட்டான். ஆனால் அதைக் காட்டக் கையில் காகிதம் இருக்காது. விபத்து ஒன்று நடந்தால் இழுபறி இன்னும் பெரிது. விற்றவருக்கும் நிம்மதி இல்லை, யாரோ எங்கோ செய்ததற்கு அவர் வீட்டுக்குக் கடிதம் வரும்.

விற்பவர்களிடமும் ஒரு வார்த்தை. பொருளின் குறையை மறைத்து விற்பது கூடாது என்று மத்ரஸாவில் ஓதிய நாளிலேயே எல்லோரும் படித்திருக்கிறோம். புத்தகத்தில் உள்ள சிக்கலும் குறைதான். ஒயில் கசிவதைச் சொல்பவர், பெயர் மாற்ற முடியாது என்பதையும் சொல்ல வேண்டும்.

யுத்தத்திலும் கடலிலும் காகிதத்தை இழந்தவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. இன்று எமக்கு வழி இருக்கிறது, அலுவலகம் திறந்திருக்கிறது, பஸ்ஸும் ஓடுகிறது. அவர்கள் நிர்ப்பந்தத்தில் செய்ததை நாம் சோம்பலில் தொடர வேண்டியதில்லை. பிள்ளைக்கு முதல் பைக் வாங்கிக் கொடுக்கும் வாப்பா, சாவியைக் கொடுக்கும் அன்றே அவன் பெயர் எழுதிய புத்தகத்துக்கும் வழி செய்யட்டும். தலைக்கவசத்தையும் அன்றே வாங்கட்டும்.

உங்கள் குடும்பத்தில் முதன்முதலில் ஓடிய மோட்டார் சைக்கிள் எது, என்ன இலக்கம் என்று நினைவிருந்தால் கீழே எழுதுங்கள். எமது ஊரின் வரலாறு அப்படியும் சேரும்.