நுண்மதி ஆசானின் பெயர் வசைச்சொல்லான வரலாறு

படிப்பு ஏறாத மாணவனை இழித்துரைக்க ஆங்கிலத்தில் வழங்கும் 'டன்ஸ்' என்னும் சொல், ஐரோப்பிய இடைக்காலத்தின் கூர்மதி படைத்த மெய்யியலாளர் ஒருவரின் பெயரிலிருந்து பிறந்ததாகும். ஸ்காட்லாந்தின் டன்ஸ் என்னும் ஊரோடு தொடர்புடையவராதலால் ஜான் டன்ஸ் ஸ்கோட்டஸ் என அழைக்கப்பட்ட அவர், பிரான்சிஸ்கன் துறவியாகி, 1291இல் குருப்பட்டம் பெற்று, ஆக்ஸ்ஃபோர்டிலும் பாரிஸிலும் இறையியல் கற்பித்து, 1308இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் மறைந்தார். ஒரே இனத்தைச் சேர்ந்த பல பொருள்களில் ஒவ்வொன்றையும் 'இது' என்று தனித்துச் சுட்டத்தக்கதாக ஆக்குவது எது என்ற கேள்விக்கு அவர் கண்ட விடை இன்றளவும் ஆராயப்படுகிறது. மரியாள் கருவான கணத்திலேயே சென்மப் பாவக் கறை இல்லாதிருந்தார் என்னும் அமல உற்பவக் கோட்பாட்டுக்கு, தாமஸ் அக்குவினாஸ் போன்ற பேராசான்களே உடன்படாதிருந்த நிலையில், வலுவான வாதத்தை அமைத்துத் தந்தவரும் அவரே; 1854இல் திருத்தந்தை ஒன்பதாம் பயஸ் அதனைத் திருச்சபையின் விசுவாசக் கோட்பாடாக அறிவித்தார். நுண்ணிய வேறுபாடுகளைப் பகுத்துக் காட்டும் அத்திறமே அவருக்கு 'நுண்மதி ஆசான்' என்ற பட்டத்தைத் தேடித்தந்தது.

பின்னாளில் பழிக்கு இலக்கானதும் அதே திறம்தான். 16ஆம் நூற்றாண்டில், கிரேக்க, லத்தீன் மூலநூல்களுக்கே திரும்ப வேண்டும் என்ற மனிதநேயப் புலமையாளர்களும், கத்தோலிக்க மரபை எதிர்த்த சமயச் சீர்திருத்தவாதிகளும், ஸ்கோட்டஸின் வழிவந்தோரைப் புதிய கல்விக்குத் தடையாக நிற்கும் வீண்வாதிகள் என்று சாடி, 'டன்ஸ்' என்ற பெயரையே ஏச்சாக்கினர். 1535இல், எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல்லின் ஆணையர்கள் ஆக்ஸ்ஃபோர்டில் ஸ்கோட்டஸின் நூல்களைப் பாடத்திட்டத்திலிருந்து அகற்றினர். நியூ காலேஜின் முற்றமெங்கும் அந்நூல்களின் தாள்கள் காற்றில் பறந்ததையும், மான்களை மிரட்டிக் காட்டுக்குள்ளேயே நிறுத்திவைக்கும் வெருளிகள் செய்வதற்காக ஒருவர் அவற்றைப் பொறுக்கிக்கொண்டிருந்ததையும், ஆணையர்களுள் ஒருவரான ரிச்சர்டு லேட்டன் கிராம்வெல்லுக்கு மகிழ்ச்சியோடு எழுதினார். இரு நூற்றாண்டுகளுக்கு மேலாகப் பயிலப்பட்ட ஒரு சிந்தனை மரபு இவ்வாறு வேட்டைக்காட்டின் வேலிக்குப் போனது, அறிவுலகின் பெரும் இழப்புகளுள் ஒன்றெனவே கருதத்தக்கது.

ஆகவே, அந்த வசை முதலில் அறிவுக்குறைவைச் சுட்டவில்லை. அளவுக்கு மீறிய நுட்பத்தையும், மாற மறுக்கும் பிடிவாதத்தையுமே சுட்டியது. புதியதைக் கற்க மறுப்பவன் என்ற பொருள், கற்கவே இயலாதவன் என்ற பொருளாக நாளடைவில் திரிந்தது. 1728இல் அலெக்சாண்டர் போப் தம் காலத்து மட்டமான எழுத்தாளர்களைத் தாக்கிய 'டன்சியட்' என்னும் அங்கதக் காவியத்துக்கு இச்சொல்லிலிருந்தே பெயர் அமைத்தபோது, மந்தமதி என்ற பொருள் உறுதிப்பட்டிருந்தது.

மந்தமான பிள்ளையின் தலையில் கவிழ்த்து வகுப்பின் மூலையில் நிறுத்தும், 'டன்ஸ் தொப்பி' எனப்பட்ட கூம்புத் தொப்பி 19ஆம் நூற்றாண்டுப் பள்ளிகளின் தண்டனையாகும். 1840இல் வெளிவரத் தொடங்கிய சார்லஸ் டிக்கன்ஸின் நாவல் ஒன்றில், பழைய செய்தித்தாள்களால் செய்த அத்தகைய தொப்பி ஒரு கிராமப் பள்ளியின் அலமாரிமேல் காணப்படுகிறது. கூம்பு வடிவம் அறிவைத் தலைக்குள் இறக்கும் என்று ஸ்கோட்டஸே நம்பியதாக ஒரு கதை பரவலாக வழங்குகிறது. அவர் எழுதிய நூல்களில் அதற்குச் சான்றில்லை.