பூண்டு உரிக்க ஒரு வெளிச்சம்

வீட்டு டிவி பழுதானபோது, சரிசெய்கிற காசுக்குக் கொஞ்சம் சேர்த்தால் வேறு வாங்கிவிடலாம் என்று பேச்சு வந்தது. தம்பி டிவிக்குப் பதிலாகச் சின்னதாக ஒரு புரொஜெக்டரை வாங்கி வந்தான். கூடத்துச் சுவரிலிருந்த காலண்டரையும் தாத்தா படத்தையும் கழற்றிவிட்டு அங்கே படம் விழவைத்தான். ஆளுயரத்துக்கு முகங்கள். எல்லாருக்கும் பிடித்துப்போனது. அம்மா மட்டும் கேட்டாள்: “வெளக்க அணச்சிட்டு ஒக்காந்தா பூண்ட யாரு உரிக்கிறது?”

சிரித்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி பல நாள் என்னை விடவில்லை. பெண்கள் படம் பார்த்த வரலாற்றை நடிகைகளை வைத்தும் கதைகளை வைத்தும் எழுதியிருக்கிறோம். விளக்கை வைத்து எழுதினால் என்ன?

நம் ஊருக்கு டிவியைவிடப் பல பத்தாண்டுகள் முன்பே வந்தது புரொஜெக்டர்தான். 1905இல் திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், தூபான் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியை வாங்கி, வேலையை விட்டுவிட்டு ஊர் ஊராகப் போய்ப் படம் காட்டினார். 1914இல் கோவையில் வெரைட்டி ஹாலைக் கட்டினார். அவருக்குப் பின்னால் வந்த டூரிங் டாக்கீஸ்களில் பகல் ஆட்டம் கிடையாது. கொட்டகைக்குள் வெயில் புகுந்தால் திரையில் ஒன்றும் தெரியாது. இருட்டிய பிறகுதான் படம். இருட்டு என்றால் பெண்ணை வெளியே அனுப்ப யோசிக்கும் ஊர் நம்முடையது. அதனால்தான் மணல் தரைக்கு நடுவே ஒரு தடுப்பு, பெண்களுக்கு ஒரு பக்கம், ஆண்களுக்கு மறுபக்கம். என் பாட்டி சொல்வாள், முதல் ஆட்டத்துக்குப் போனால் சோறு ஆறிவிடும், இரண்டாம் ஆட்டத்துக்குப் போனால் பேர் போய்விடும் என்று. போனாள்தான். அவள் நினைவில் தங்கியது எந்தப் படத்தின் கதையும் அல்ல, “கைய மடியில வச்சிக்கிட்டு ஒக்காந்திருந்தேன்” என்பதுதான். ஒரே கருவியில் ரீல் மாற்ற வேண்டியிருந்ததால் நடுநடுவே விளக்கைப் போடுவார்கள். அப்போது மட்டும் தலைப்பைச் சரிசெய்துகொள்வாளாம்.

டிவி அந்த இருட்டை ஒழித்தது. 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி தொடங்கியது. வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ பார்க்கத் தெருவே ஒரு வீட்டில் கூடியதை இன்று இனிமையாக நினைவுகூர்கிறார்கள். யார் கூடத்தில் உட்கார்ந்தார்கள், யார் வாசற்படியோடு நின்றார்கள், யார் சன்னலுக்கு வெளியே நின்று பார்த்தார்கள் என்று கேட்டால் இனிமை கொஞ்சம் குறையும். 2006 தேர்தலுக்குப் பின் அரசு 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிகளை இலவசமாகக் கொடுத்தபோது கேலி பேசியவர்களில் நானும் ஒருத்தி. சன்னலுக்கு வெளியே நின்றவர்களின் பக்கத்திலிருந்து அதை நான் பார்க்கவில்லை.

டிவியின் சிறப்பே, விளக்கு எரிய எரியப் பார்க்கலாம் என்பதுதான். அதாவது வேலை செய்துகொண்டே பார்க்கலாம். இது தற்செயலாக அமைந்ததல்ல. 1930களில் அமெரிக்க வானொலியில், வீட்டுப் பெண்களை மனத்தில் வைத்து சோப்புக் கம்பெனிகளின் விளம்பரத்தோடு வந்த தொடர்களே பிறகு டிவிக்கு இடம் மாறின. அவற்றை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் இர்னா பிலிப்ஸ் என்ற பெண். வானொலித் தொடர் காதுக்காக எழுதப்பட்டது. கை பாத்திரத்தில் இருக்கலாம். 1952இல் அங்கே ஒரு நிறுவனம் டிவி பொருத்திய அடுப்பையே விற்பனைக்குக் கொண்டுவந்தது என்று ஊடக வரலாற்றாசிரியர் லின் ஸ்பீகல் எழுதுகிறார். நம் மெகா தொடர்களைக் கவனியுங்கள்: நடந்ததை மூன்று பேர் மூன்று முறை பேசுவார்கள், இடி இடித்தால் அதிர்ச்சி, வீணை அழுதால் சோகம். ‘இழுக்கிறார்கள்’ என்று அலுத்துக்கொள்கிறோம். அடுக்களையிலிருந்து கேட்பவளுக்கு அந்த இழுவைதான் வசதி. அம்மா பல தொடர்களைப் பார்த்ததே இல்லை, கேட்டிருக்கிறாள்.

1980களில் தென் லண்டனில் 18 குடும்பங்களிடம் பேசிய டேவிட் மோர்லியும் இதையே கண்டார். ஆண்கள் வாய் திறக்காமல், வைத்த கண் வாங்காமல் பார்த்தார்கள். பெண்கள் துணிக்கு இஸ்திரி போட்டபடி, பேசியபடி பார்த்தார்கள். சும்மா உட்கார்ந்து பார்ப்பது நேரத்தை வீணடிப்பதாகப் பட்டது அவர்களுக்கு. ரிமோட் பெரும்பாலும் அப்பாவிடமோ மகனிடமோ இருந்தது. லண்டனை எடுத்துவிட்டு எங்கள் ஊர்ப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம்.

இப்போது புரொஜெக்டர் கூடத்துக்குள்ளேயே இருட்டைத் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறது. ட்யூப்லைட்டைப் போட்டால் படம் வெளிறிப்போகிறது. எங்களுடையதைப் போன்ற மலிவுக் கருவியில் பகலில் சன்னலைச் சாத்தினாலும் நிழல்போலத்தான் தெரிகிறது. எனவே பார்த்தால் பார்க்க மட்டும்தான் முடியும். இது விடுதலை என்று எழுத எனக்குக் கை அரிக்கிறது, அவசரப்படவில்லை. ரிமோட்டாவது சோபாவில் கிடக்கும், எட்டி எடுக்கலாம். இந்தக் கருவிக்குப் படம் போவது தம்பியின் செல்போனிலிருந்து. அவன் வெளியே போனால் சுவர் வெறும் சுவர். வீட்டிலிருந்தாலும் நடுவில் யாராவது அனுப்பும் செய்தி நாயகியின் நெற்றிமேல் வந்து நிற்கும். கொட்டகைக் காலத்து ஆபரேட்டர் வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறார், அவ்வளவுதான்.

மூன்றாவது வாரம், என் பழைய செல்போனை அம்மாவிடம் கொடுத்து இணைக்கச் சொல்லிக்கொடுத்தேன். வைஃபை கடவுச்சொல்லைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டாள். மறுநாள் ராத்திரி எட்டு மணிக்கு எங்களை எதுவும் கேட்காமல் ட்யூப்லைட்டை அணைத்தாள். அவள் போட்டது ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம். மடியில் முறம் இருந்தது, முறத்தில் பூண்டு. கொஞ்ச நேரம் தடவித் தடவி உரித்தாள். பிறகு கை நின்றுவிட்டது. “மணி ஒன்பதாச்சு, சாப்பாடு?” என்றார் அப்பா இருட்டிலிருந்து. “அடுப்புமேல இருக்கு” என்றாள், திரும்பாமல்.

படம் முடிந்து விளக்கைப் போட்டபோது முறத்தில் பாதிப் பூண்டு அப்படியே கிடந்தது. மறுநாள் ரசத்துக்கு அதைத் தோலோடு தட்டிப் போட்டாள்.