வி.பி.பி. காலத்துச் செங்கல்

1877-இல் இந்திய அஞ்சல் துறை தொடங்கிய வி.பி.பி., அதாவது பொருளைக் கொடுக்கும்போதே விலையை வாங்கி அனுப்பியவருக்குச் சேர்ப்பிக்கும் முறை, மயிலாப்பூருக்கும், 1920-களில் உருவான தியாகராய நகருக்கும் கடைக்குப் போகாமலே புத்தகமும் மருந்தும் வாங்கும் வசதியைத் தந்தது. ஆனால் பணம் கட்டிய பிறகே பொட்டலத்தைப் பிரிக்க முடியும் என்பதால், சணல் கயிறும் அரக்கு முத்திரையும் கச்சிதமாக இருந்து உள்ளே செங்கல் இருந்தாலும் தபால்காரரைக் கேட்டுப் பயனில்லை. கேட்காத பொருளை அனுப்பிக் காசு பறிப்பதும் அதே ஓட்டையில் நுழைந்த தந்திரம்தான். அடையாறு அடுக்ககங்களின் காவலாளி மேசைக்கு இன்று வரும் பார்சல்களிலும் அது தொடரக்கூடும். 1986-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் மிகத் தாமதமாகவே வந்தது. குறைதீர் அலுவலரின் பெயரை வெளியிடவும், புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ளவும் இணைய விற்பனைத் தளங்களைக் கட்டாயப்படுத்தியவை 2020-இன் மின்வணிக விதிகள். இணையவழியில் பணம் பறிபோனால் உடனே அழைக்க வேண்டிய எண் 1930.